நடக்கச் சொன்னால் தெருவில் உட்கார்ந்துவிடும் பிள்ளை

திருச்சியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு 11 வயது. டவுன் சிண்ட்ரோம். எடை 51 கிலோ. தினமும் அரை மணி நேரம் நடக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு வீடு தாண்டுவதற்குள் தெருவிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அவன் அப்பா கையைப் பிடித்து இழுப்பார், அவன் அழுவான், ஆட்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தால் போன்தான். ஸ்கூலில் பி.டி. பீரியடிலும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறானாம். இவனுக்கு விளையாட்டில் ஆசை வருமா?"

வரும் அம்மா, உறுதியாக வரும். சிறப்புப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து எனக்கு 22 வருடம் ஆகிறது. உங்கள் மகனைப் போல நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். வரும்போதே "சோம்பேறி", "பிடிவாதக்காரன்" என்ற பேரோடு வருவார்கள். அந்தப் பேருக்குத் தகுந்த ஒரு பிள்ளையைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் உட்கார ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாயில் வார்த்தை இல்லாததால் உடம்பால் சொன்னார்கள்.

ஆசையைப் பற்றிப் பேசும் முன், நடை என்பது உங்கள் மகனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துவிடுவோம். டவுன் சிண்ட்ரோம் என்பது பிறவியிலேயே வரும் நிலை, அறிவு வளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் மெதுவாக இருக்கும். அது உள்ள பிள்ளைகளுக்குத் தசையின் இறுக்கம் குறைவு. மூட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்ந்திருக்கும். பாதம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். நமக்குத் தானாக நடக்கிற நடைக்கு அவன் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக உழைக்கிறான். இன்னொன்றும் உண்டு. எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தப் பிள்ளைகளின் இதயத் துடிப்பு மற்ற பிள்ளைகள் அளவுக்கு ஏறாது. உச்சத்தில்கூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 25, 30 துடிப்பு குறைவாகவே நிற்கும். அவன் அப்பாவின் நடைவேகம் அப்பாவுக்குச் சாதாரணம். பிள்ளைக்கு அது மூச்சு வாங்குகிற வேலை.

அதனால் முதல் வேலையாக, நடக்கச் சொன்ன அதே டாக்டரிடம் திரும்பப் போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். சின்ன வயதில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்த்தீர்களா என்று ஃபைலைப் புரட்டுங்கள். தைராய்டு குறைவு இவர்களிடம் அதிகம் காணப்படுவது. அது இருந்தால் எடை ஏறும், எந்நேரமும் அசதியாக இருக்கும், நாம் சோம்பல் என்போம். ராத்திரி சத்தமாகக் குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நின்று திணறி விழிக்கிறானா? தூங்கிய தூக்கம் உடம்பில் ஒட்டாத பிள்ளை பகலில் எப்படி ஓடும்? கண்ணையும் காதையும் சோதியுங்கள். தெருவில் எங்கே பள்ளம், எங்கே படி என்று சரியாகத் தெரியாத பிள்ளைக்கு உட்கார்ந்துவிடுவதுதான் பத்திரம். வலிப்புக்கோ நடத்தைக்கோ மாத்திரை சாப்பிடுகிறான் என்றால், அவற்றில் சில பசியையும் எடையையும் ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

கழுத்து விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும். கழுத்து வலி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று தடுமாறுவது, கை கால் பலம் குறைவது, பழகின பிறகும் சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் குட்டிக்கரணம், பச்சைக்குதிரை, தண்ணீருக்குள் தலைகீழாகப் பாய்வது, இவை மூன்றும் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்து ஒரு டவுன் சிண்ட்ரோம் பையனையும் பாயில் குட்டிக்கரணம் போட வைத்தேன். அங்கிருந்த வயதான பிசியோ அம்மா ஓடி வந்து நிறுத்தினார். அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை.

செருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளர்ந்த கணுக்காலோடு ரப்பர் செருப்பில் நடப்பது, சேற்றில் நடப்பது மாதிரி. குதிகாலை நன்றாகப் பிடிக்கிற, ஒட்டும் பட்டை வைத்த ஷூ வாங்குங்கள். லேஸ் வேண்டாம், அவனே மாட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்.

இப்போது தெருவுக்கு வருவோம். "வா, வாக்கிங் போகலாம்" என்கிறீர்கள். எங்கே? எதற்கு? எவ்வளவு நேரம்? உங்களுக்கு விடை தெரியும். அரை மணி நேரம் ஆனதும் முடிந்துவிடும், உடம்புக்கு நல்லது, இன்னும் ஆறு மாதத்தில் எடை குறையும். அவன் கையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அரை மணி நேரம் என்பதைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் நன்மை அவனுக்கு இல்லாத நன்மை. அவனுக்குத் தெரிவதெல்லாம், கால் வலிக்கிறது, அப்பா முகம் கடுக்கிறது, இது எப்போது முடியும் என்று தெரியவில்லை என்பதுதான். முடிவு தெரியாத வேலையை நாமேகூடச் செய்ய மாட்டோம்.

நடப்பதற்காக நடப்பது பெரியவர்களின் பழக்கம். பிள்ளைகள் ஏதாவது ஒன்றை நோக்கித்தான் நடப்பார்கள். அதனால் நடையை மறந்துவிடுங்கள். தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கப் போங்கள். போகும்போது வெறும் பையையும் காசையும் அவன் கையில் கொடுங்கள், வரும்போது பாக்கெட் அவன் பையில் இருக்கட்டும். கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், "தம்பி வந்தா அவன்கிட்டயே பேசுங்கண்ணே" என்று. முதல் நாள் அந்தக் கடை அவனுக்குத் தூரம் என்றால், பக்கத்து வீட்டு அத்தையிடம் கறிவேப்பிலை வாங்கி வருவதில் தொடங்குங்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் உட்கார்கிறான் என்றால் மூன்றாவது வீட்டோடு திரும்பிவிட வேண்டும். அவன் உட்காருவதற்கு முன்னால் நீங்கள் முடித்துவிட வேண்டும். "முடிஞ்சிருச்சு, ஜெயிச்சுட்டோம்" என்று கைதட்டி வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு வாரம் அவன் தெருவில் உட்காராமல் திரும்பினான் என்றால், அடுத்த வாரம் ஒரு வீடு கூட்டலாம்.

எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மொட்டை மாடியிலோ வாசலிலோ சுற்றி வருவதாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் ஐந்து புளியங்கொட்டை வையுங்கள், பக்கத்தில் ஒரு வெறும் கிண்ணம். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கொட்டையை அவனே எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடட்டும். கிண்ணம் காலியானால் ஆட்டம் முடிந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நீங்கள் கூடுதலாக ஒரு கொட்டையைப் போட்டுவிடக் கூடாது. அது ஏமாற்று. ஒரு தடவை செய்தால் அடுத்த நாள் கிண்ணத்தை நம்பமாட்டான். அவன் தானாகவே ஆறாவது சுற்று ஓடினால் ஓடட்டும், அது அவன் இஷ்டம்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு நாள் உட்காரத்தான் செய்வான். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மூட்டு தளர்ந்த பிள்ளை. தோளோ முழங்கையோ பிசகிவிடும். பக்கத்தில் நில்லுங்கள், வண்டி வராத பக்கமாக. திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். "வா, போன் தரேன்" என்று அந்த நேரத்தில் சொல்லவே கூடாது. உட்கார்ந்தால் போன் கிடைக்கும் என்ற பாடம் ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுங்கள். "இந்தப் பையைப் பிடி." அல்லது இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: "அந்தப் பக்கமா போவோமா, இந்தப் பக்கமா?" ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். காதில் விழுந்த பேச்சு உள்ளே போய்ச் சேர அவனுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நாம் மூன்று விநாடியில் மறுபடி கேட்டுவிடுகிறோம், அவன் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிள்ளைகளின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் எழுப்புவதிலிருந்து ராத்திரி படுக்க வைப்பதுவரை எல்லாம் யாரோ ஒருவர் சொல்லித்தான் நடக்கிறது. என்ன சட்டை, என்ன சாப்பாடு, எங்கே உட்கார வேண்டும், எதுவும் அவர்கள் தேர்ந்தது இல்லை. "மாட்டேன்" என்பது ஒன்றுதான் அவர்களுடைய சொந்தச் சொல். விளையாட்டிலாவது "எனக்கு இதுதான் வேணும்" என்று சொல்ல இடம் கொடுங்கள். வாயால் கேட்டால் குழம்பும். பந்தையும் வளையத்தையும் முன்னால் வைத்துவிட்டு எதை எடுக்கிறான் என்று பாருங்கள். இன்று பந்து, நாளை வளையம் என்றாலும் சரி.

தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அவனுக்கு ஏற்கெனவே எது பிடித்திருக்கிறது என்பதைத்தான். எங்களிடம் 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். மைதானத்துக்குள் கால் வைக்கமாட்டான். வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். இரண்டு வாரம் அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பக்கத்தில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு ஒரு தகரச் சுவர். யாரும் பார்க்காதபோது சின்னக் கல்லை எடுத்து அந்தத் தகரத்தில் போடுவான். டங் என்று சத்தம் வரும், அவன் முகம் மலரும். காவலாளி வந்து திட்டுவார், அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

மறுநாள் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றில் ஓட்டை போட்டு மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு கூடையில் டென்னிஸ் பந்து பத்து வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் நான் ஒரு பந்தை எறிந்தேன். டங். அவன் எழுந்து வந்தான். அன்றைக்குப் பத்துப் பந்தும் எறிந்தான், நான்கு பட்டது. அடுத்த நாள் கூடையை இரண்டு அடி தள்ளி வைத்தேன். அதற்கடுத்த நாள் எறிந்த பந்துகளை நான் பொறுக்கித் தரவில்லை, அவனே பொறுக்கினான். ஒரு மாதத்தில் கூடைக்கும் தட்டுக்கும் நடுவே 20 அடி. ஒரு பீரியடில் நாற்பது தடவைக்கு மேல் போய்வந்தான், குனிந்து நிமிர்ந்தான், வேர்த்து ஒழுகினான். நட என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பிறகு தட்டைத் தரையில் வைத்ததும், அதை நோக்கிப் பந்தை உருட்டக் கற்றுக்கொண்டான். அங்கிருந்து போச்சி விளையாட்டுக்கு, அதாவது ஒரு சிறு பந்தை உருட்டிவிட்டு மற்றப் பந்துகளை அதற்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டத்துக்கு வந்தான். மாவட்டப் போட்டிவரை போனான்.

அந்தத் தட்டு எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. செய்தது பலித்தது என்பது உடனே, அந்த விநாடியே, காதுக்கோ கண்ணுக்கோ தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் காலித் தண்ணீர் பாட்டில் ஆறை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அரிசி போட்டு மூடி வரிசையாக நிறுத்துங்கள். பந்தை உருட்டினால் கலகலவென்று விழும். விழுந்ததை நிமிர்த்துவது அவன் வேலை. ஆறு பாட்டிலை ஐந்து முறை நிமிர்த்தினால் முப்பது முறை குனிந்து நிமிர்ந்தாயிற்று. டாக்டர் கேட்ட பயிற்சியில் ஒரு பகுதி அது.

பந்து பிடிக்கத் தெரியவில்லை என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். பந்து முகத்தை நோக்கி வேகமாக வருகிறது, கண் மூடிக்கொள்கிறது, மூக்கில் படுகிறது. இரண்டு முறை பட்டால் பந்து என்றாலே பயம். மெல்லிய கைக்குட்டையில் தொடங்குங்கள். மேலே வீசினால் மெதுவாக இறங்கும், பிடிக்க நேரம் கிடைக்கும். பிறகு பலூன், அதற்குப் பிறகு காற்றடித்த பெரிய பிளாஸ்டிக் பந்து, கடைசியில்தான் சின்னப் பந்து. பத்து முறை முயன்றால் ஏழெட்டு முறை பலிக்கிற அளவுக்கு எளிதாக வையுங்கள். தோற்றுத் தோற்றுக் கற்பது மற்றப் பிள்ளைகளுக்குச் சரிப்படலாம். இவர்கள் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் தெருவிலும் போதுமான அளவு தோற்றுவிட்டார்கள்.

சொல்லிக் கொடுப்பதைக் குறைத்துச் செய்து காட்டுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்டு நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்துப் பிடித்துக்கொள்வது எளிது. பார்த்ததைத் திரும்பச் செய்து காட்டுவதில் கெட்டிக்காரர்கள். பாட்டுப் போட்டு நீங்கள் ஆடினால் அவனும் ஆடுவான். நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு "ஆடு, ஆடு" என்றால் ஆடமாட்டான். கும்மி, கோலாட்டம் எல்லாம் இதற்காகவே பிறந்தவை போலத் தோன்றும் எனக்கு: ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும், தாளம் அடுத்த அடியை ஞாபகப்படுத்தும், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே போகலாம், யாரும் அவுட் ஆவதில்லை. கைபிடித்துச் சொல்லித்தர வேண்டியிருந்தால் எதிரில் நிற்காமல் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பிடியுங்கள். நாலு நாளில் கையிலிருந்து மணிக்கட்டுக்கு, பிறகு முழங்கைக்கு, பிறகு தோளில் ஒரு விரல் என்று உங்கள் பிடியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

சைக்கிளைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்கமாட்டார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் டேல் உல்ரிச்சும் அவரோடு இருந்தவர்களும் 8 முதல் 15 வயதுவரையான டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் சைக்கிள் பயிற்சி கொடுத்து, ஒரு வருடம் கழித்து என்ன ஆனது என்று பார்த்தார்கள். 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஐந்தே நாளில் பாதிப் பேருக்கு மேல் இரண்டு சக்கர சைக்கிளைத் தனியாக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கற்றவர்கள் அடுத்த வருடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்தது, உடம்பில் கொழுப்பும் குறைந்தது. அவர்களுக்கு யாரும் எடை குறைக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீங்கள் முயன்று பார்ப்பதானால் அவன் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படுகிற உயரத்தில் சீட்டை இறக்கி, சைக்கிள் கடையில் இரண்டு பெடலையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். காலால் தரையை உந்தி உந்தி ஓட்டட்டும். உடம்பு சாயாமல் நிற்கிற பழக்கம் வந்த பிறகு பெடலை மாட்டலாம். ஹெல்மெட் கட்டாயம். மாதக்கணக்கில் ஆகலாம்; ஆகட்டும்.

பரிசு கொடுக்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த பிள்ளைகளில் சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று சொல்லி வரையவைத்துக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். ஆட்டமாக இருந்தது கூலியாகிவிட்டது. அவர்கள் குறைபாடில்லாத, ஏற்கெனவே ஆசை இருந்த பிள்ளைகள் என்பதையும் மறக்கக் கூடாது. தொடங்கவே மறுக்கிற பிள்ளைக்கு முதல் சில வாரம் ஒரு தூண்டுதல் தேவைப்படலாம், நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் சாக்லேட், சிப்ஸ் வேண்டாம். போனும் வேண்டாம், போனைப் பரிசாக வைத்தால் விளையாட்டு அதற்கான வரிசையில் நிற்கும் நேரமாகிவிடும். "முதலில் இது, பிறகு அது" என்று இரண்டு படம் ஒட்டி வையுங்கள். முதலில் பாட்டில் ஆட்டம், பிறகு மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீரில் கை வைப்பது பிடிக்காத பிள்ளை அபூர்வம். பரிசும் ஓர் அசைவாக இருந்தால் இரட்டை லாபம்.

பாராட்டும்போது எல்லாவற்றுக்கும் "சூப்பர், சூப்பர்" என்று சொல்லாதீர்கள். என்ன செய்தான் என்பதைச் சொல்லுங்கள். "குனிஞ்சு உருட்டினே பாரு, அதான் நேரா போச்சு." அடுத்த முறை குனிவான்.

துணை இல்லாமல் இதெல்லாம் ஓரளவுக்குத்தான் போகும். அம்மாவோடு மட்டும் விளையாடும் 11 வயதுப் பையன் யாரும் கிடையாது. உங்கள் தெருவில் அவனைவிட ஒன்றிரண்டு வயது சின்னதாக, குணமான பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டு பேர் போதும். விளையாட்டை நீங்கள் தேர்ந்து வையுங்கள். நிறைய விதி உள்ள ஆட்டம் வேண்டாம். கபடியில் பாடிக்கொண்டே தொட்டுவிட்டு ஓடிவர வேண்டும், மூன்று வேலை ஒரே நேரத்தில், திணறிவிடுவான். பாட்டில் உருட்டல், வளையம் எறிதல், நின்ற இடத்தில் பந்து மாற்றுவது, இவை நடக்கும். அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களைக் கோச் ஆக்கிவிடாதீர்கள். கூட விளையாடும் ஆளாக இருக்கட்டும், அவர்களும் பிள்ளைகள்தானே.

"இவங்களுக்கு உடம்பு அப்படித்தான்" என்று உறவினர்கள் சொல்வார்கள். 1960களில் டாக்டர்களே அப்படித்தான் நம்பினார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் உடல்தகுதி மற்றப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி அளவுதான் என்று கனடாவின் டொராண்டோவில் ஃபிராங்க் ஹைடன் என்ற ஆய்வாளர் கண்டார். அதோடு விடாமல், ஏன் என்று கேட்டார். குறைபாடு காரணமல்ல, அவர்களை யாரும் விளையாடவே விடவில்லை என்பதுதான் காரணம் என்று, பயிற்சி கொடுத்துக் காட்டினார். அதே காலத்தில், 1962இல், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அமெரிக்காவின் மேரிலாண்டில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோடை முகாம் தொடங்கியிருந்தார். அவருடைய அக்கா ரோஸ்மேரிக்கும் அறிவுசார் குறைபாடு இருந்தது. இந்த இரண்டு வழியும் சேர்ந்த இடம்தான் 1968 ஜூலையில் சிகாகோவில் ஏறக்குறைய ஆயிரம் பேரோடு நடந்த முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், அதாவது அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான விளையாட்டுப் போட்டி.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பிரிவு பிரிக்கும் முறை. வயதைப் பார்ப்பார்கள், ஆணா பெண்ணா என்று பார்ப்பார்கள், அதற்கு மேல் முதலில் ஓடவிட்டு நேரம் குறித்து, ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்களை ஒரே பந்தயத்தில் விடுவார்கள். 50 மீட்டரை நடந்தே கடக்கும் பிள்ளைக்கும் ஜெயிக்க வாய்ப்புள்ள ஒரு பந்தயம் உண்டு. குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் பிரிவும் இருக்கிறது. இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் இதை நடத்துகிறது. 8 வயது ஆனவர்கள் போட்டியில் சேரலாம். உங்கள் மாவட்டத்தில் உள்ள ஏதாவது ஒரு சிறப்புப் பள்ளியில் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மாவட்டங்களில் விளையாட்டுப் போட்டி வைப்பதும் வழக்கம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். முதல் தடவை வெறும் பார்வையாளராகக் கூட்டிப்போங்கள். அவனைப் போன்ற பிள்ளைகள் ஓடுவதை அவன் பார்க்க வேண்டும். அவன் அப்பாவும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசுங்கள். பி.டி. பீரியடில் உட்கார வைப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடிபட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். டாக்டரிடம் "இதெல்லாம் விளையாடலாம், இதெல்லாம் கூடாது" என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாதி பயம் போய்விடும். பி.டி. சாரிடம் பெரிதாக ஒன்றும் கேட்காதீர்கள். பந்துக்கூடையைக் கொண்டுவருவது, கோடு போடுவது என ஒரு வேலை கொடுங்கள், ஒரு கூட்டாளியைச் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள், அவர்களையும் பார்த்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கெடுக்க வழி செய்ய வேண்டியது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் தயவு கேட்டுப் போகவில்லை.

வேறு மாதிரிப் பிள்ளைகள் உள்ள பெற்றோரும் இதைப் படிக்கலாம் என்பதால் சில வார்த்தைகள். ஆட்டிசமும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு விசில் சத்தமும் கூட்டமும் தாங்காது. ஊஞ்சல், தண்ணீர், தனியாகச் செய்யும் ஆட்டங்களில் தொடங்கலாம். வலிப்பு வரும் பிள்ளை தண்ணீரில் இறங்கினால் கை எட்டும் தூரத்தில் அவனுக்கென்றே ஒரு பெரியவர் இருக்க வேண்டும், ஒரு நிமிடம்கூட விலகக் கூடாது. எழுந்து நிற்க முடியாத பிள்ளைக்கு, பலூனைக் கையால் தட்டுவதும் மணி கட்டிய துணியைக் காலால் உதைப்பதும் விளையாட்டுத்தான். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் வைத்துவிடுகிறீர்கள். பத்திரத்துக்காகச் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் என்னிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் அப்படி நின்றுபோய், இருபது வயதில் படியேற முடியாமல் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையான ஒரு பெண்ணின் துணையோடு அனுப்பி வையுங்கள்.

எடையைப் பற்றி இரண்டே வரி. விளையாட்டால் மட்டும் 51 கிலோ இறங்காது, சாப்பாட்டை ஓர் உணவு ஆலோசகரிடம் தனியாகப் பேசுங்கள். அவன் காதில் விழும்படி "குண்டு", "தொப்பை" என்று யாரும் பேச வேண்டாம், பாட்டி உட்பட. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு, குறைபாடு உள்ள பிள்ளைகள் உட்பட, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடல் அசைவு வேண்டும் என்கிறது. அதைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒரேயடியாக 60 நிமிடம் என்று பொருளில்லை. கொஞ்சமாவது அசைவது சும்மா இருப்பதைவிட மேல் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. துணி காயப்போடும்போது பக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக அவன் எடுத்துத் தருவதும் அந்தக் கொஞ்சத்தில் சேரும்.

இந்த வாரம் நடைக்குக் கூட்டிப்போகாதீர்கள், ஏழு நாளும் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு மாடியில் அவனோடு அரை மணி நேரம் சும்மா இருங்கள். பந்து, பலூன், பழைய தட்டு, தண்ணீர் வாளி எல்லாம் கிடக்கட்டும். போனை இருவரும் கீழே வைத்துவிட்டு வாருங்கள். எதையும் செய்யச் சொல்லாமல், எதைத் தொட்டான், எந்தச் சத்தத்துக்குத் திரும்பினான், எதைப் பார்த்துச் சிரித்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் அவன் அப்பாவும் வந்து உட்காரட்டும். பிறகு அந்த நோட்டில் உள்ளதை எனக்கு எழுதுங்கள். எந்த ஆட்டத்தில் தொடங்கலாம் என்று அதிலிருந்து பார்ப்போம்.